பன்னிரண்டு என்று எழுதியவள்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் பாதி சார். முகத்துக்கு நேரே வெறும் சார். அவர் கதவைத் தாண்டிய மறுகணம் பாதி சார். பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. யார் எத்தனை நாள் கேட்டாலும் அதில் சரிபாதியை வெட்டிவிட்டு மீதியைப் போர்டில் எழுதுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

வழக்கம் இதுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நீள மேசை போட்ட அறையில் அவருடைய மென்பொருள் குழு கூடும். செய்யவேண்டிய வேலைகளை அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அவரவர் வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று மஞ்சள் சீட்டில் எழுதி, எண் தெரியாமல் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அவர் "ம்" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்புவார்கள். எட்டு, பத்து, பதினாறு என்று வரும். பாதி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, போர்டில் நான்கு, ஐந்து, எட்டு என்று எழுதுவார். அத்தோடு கூட்டம் முடிந்துவிடும்.

அநியாயமாகத் தெரிகிறதா? அவசரப்பட வேண்டாம். குழுவில் இருந்தவர்கள் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர்கள் அல்ல. நாலு நாள் வேலைக்கு எட்டு என்று எழுதப் பழகிக்கொண்டார்கள். அவர்கள் இரட்டிப்பாக்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் வெட்டினார். அவர் வெட்டுவார் என்று அவர்களுக்குத் தெரியும்; அதனால்தான் இரட்டிப்பாக்கினார்கள். முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டால் இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டும். பதினோரு வருஷமாக அந்த அறையில் ஒருவரும் ஓர் உண்மையான எண்ணை வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை. வேலை என்னவோ ஏறக்குறைய சொன்ன தேதிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

பாதி சாரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் குழு, "இன்னும் ஒரே மாதம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தை இழுத்தடித்தது. கடைசியில் வாடிக்கையாளர் ஆளை விடுங்கள் என்று ஓடிவிட்டார். இருபத்து மூன்று பேரை ஒரே மத்தியானத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு, லிஃப்டுக்கு வரிசையில் நின்ற அந்த மத்தியானத்தை அவர் மறக்கவே இல்லை. தன்னிடம் வேலை செய்கிற யாரும் அப்படிப் பெட்டியோடு நிற்கக் கூடாது, நாள் தள்ளிப்போக விடவே கூடாது என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். எண்ணம் தங்கமான எண்ணம். அதற்குக் கத்திரிக்கோலைக் கையில் எடுத்ததில்தான் வினை.

இந்த அறைக்குள்தான் ஒரு திங்கட்கிழமை அக்கா வந்து உட்கார்ந்தாள்.

வயது நாற்பது. பதவியோ இருபத்து நாலு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பதவி. அதனால் குழுவில் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். அவளுடைய மகனுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சுக் கோளாறு. அவனைத் தேற்றி எடுப்பதற்குள் எட்டு வருஷம் வேலையை விட்டிருந்தாள். திரும்பி வந்தபோது, எட்டு வருஷ இடைவெளியைப் பார்த்ததுமே எல்லா இடத்திலும் விண்ணப்பத்தை மூடி வைத்தார்கள். நாற்பதுக்கு மேல் விண்ணப்பம் போட்டு, கதவைத் திறந்தது இந்த ஓர் இடம்தான். அதுவும் ஆறு மாதம் ப்ரொபேஷன். அதில் ஐந்து மாதம் வேறொரு குழுவில் பழைய மென்பொருளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசி மாதத்துக்குப் பாதி சாரிடம் அனுப்பினார்கள். வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று ஃபாரத்தில் டிக் போடப்போவது அவர்தான்.

குழுவின் கையில் அப்போது இருந்தது ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கான மென்பொருள். சிறுநீரகம் வேலை செய்யாத நாற்பத்து நாலு நோயாளிகள் வாரம் மூன்று முறை வந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம் அது. மெஷின் பதினொன்று. யாருக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த மெஷின் என்பதை இதுவரை பெரிய நோட்டில் எழுதிவந்தார்கள். இனிமேல் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். பதினொன்றில் இரண்டு மெஷின்களுக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். இரத்தத்தில் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்கு அவை மட்டும்தான். கிருமி மற்றவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாது என்பதற்காக. அக்காவிடம் ஒப்படைத்த பகுதி இது: ஒரு மெஷின் நடுவில் படுத்துவிட்டால், அதில் இருக்கவேண்டிய நோயாளிகளை வேறு மெஷினுக்கு மாற்றுவது.

அன்று எல்லாரும் சீட்டைத் திருப்பினார்கள். அக்காவின் சீட்டில் பன்னிரண்டு. பாதி சார் அதைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றினார், போர்டில் ஆறு என்று எழுதினார்.

அக்கா மெதுவாகக் கையைத் தூக்கினாள். "சார், நான் பன்னெண்டுன்னு எழுதியிருக்கேன்."

"தெரியும், தெரியும்" என்றார் பாதி சார் சிரித்துக்கொண்டே. அறையே சிரித்தது. அதில் பொல்லாப்பு எதுவும் இல்லை. வீட்டு வேடிக்கையை வீட்டுக்காரர்கள் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் அக்காவுக்கு அந்த வேடிக்கை தெரியாதே. எட்டு வருஷத்தில் கை மந்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள், மற்றவர்கள் ஆறு நாளில் முடிப்பதைத்தான் நான் பன்னிரண்டு என்று கேட்டுவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். முகம் சிவந்து, வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஆறு நாளும் காலையில் முதல் ஆளாக வந்தாள். மத்தியானம் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. தினமும் காலையில் எல்லாரும் நின்றபடியே ஐந்து நிமிஷம் நிலவரம் சொல்வார்கள். ஐந்தாம் நாள் அவள் முறை வந்தபோது, "இன்னும் நெறைய பாக்கி இருக்கு சார்" என்றாள்.

பாதி சார் பதினோரு வருஷமாகக் கேட்டுப் புளித்த வசனம் அது. "யாருக்குத்தான் பாக்கி இல்ல?" என்று சொல்லிவிட்டு, அவள் பெயருக்கு எதிரே பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார். பச்சை என்றால் வேலை ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். அந்தப் போர்டுக்குக் கீழே சிவப்பு ஸ்டிக்கர் கட்டு ஒன்றும் இருந்தது; உறை பிரிக்காமல் இருந்தது.

ஆறாம் நாள் மாலை அக்கா வேலையை ஒப்படைத்தாள். குழுவின் டெஸ்டருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எறும்பு ஊர்ந்த தடத்தைக்கூடப் பிழையென்று எழுதிவைக்கிற பெண். அவளும் தன் வேலைக்கு நாலு நாள் எழுதி, இரண்டு நாள் வாங்கியிருந்தாள். அந்த இரண்டு நாளில் சாதாரண மெஷின்கள் படுத்துவிடுவதை எல்லாம் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சிவப்பு டேப் மெஷின் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க நேரம் வாய்க்கவில்லை.

வியாழக்கிழமை மருத்துவமனையில் ஒத்திகை. நோயாளிகள் யாரும் இல்லாத வேளையில், நிஜமான பெயர்ப்பட்டியலை வைத்து வெறுமனே ஓட்டிப் பார்ப்பது. டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எடுத்த எடுப்பிலேயே சிவப்பு டேப் ஒட்டிய பத்தாம் மெஷின் பழுது என்று தட்டினார். மென்பொருள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. காமாலைக் கிருமி உள்ளவரைத் தூக்கி ஐந்தாம் மெஷினில் போட்டது. அவருக்கு அடுத்து அதே மெஷினில் ஒரு கிருமியும் இல்லாத இன்னொருவரைப் போட்டது. நர்ஸ் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தார். அன்றே பாதி சாருக்கு மேலே இருந்த மேலாளருக்கு இரண்டு வரியில் கடிதம் வந்தது: இதை என் வார்டுக்குள் விடமாட்டேன், ஏன் இப்படி ஆனது என்று நேரில் வந்து கேட்கப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மேலாளர் பாதி சாரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட செய்தியைக்கூடச் சிரித்த முகத்தோடு சொல்லக்கூடிய மனிதர் அவர்.

"திங்கட்கிழமை அந்த நர்ஸ் மேடம் வர்றாங்க. ஏன்னு கேட்டா நாம ஒரு பதில் வெச்சிருக்கணும். இந்தப் பகுதியைச் செஞ்சது யாரு?"

பாதி சார் சொன்னார்.

"ப்ரொபேஷன்ல இருக்காங்க இல்ல? அந்த ஃபாரமும் திங்கட்கிழமைதான் கடைசி நாள்." மேலாளர் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். இரண்டே கட்டம்: உறுதி செய்யலாம், வேண்டாம். "அனுபவம் போதாதுன்னு எழுதிடுங்க. அவங்களை அனுப்பிட்டோம்னு சொன்னா மேடத்துக்கும் சமாதானம். விஷயம் அத்தோட முடிஞ்சிடும். இல்லாட்டி இது உங்க தலையிலதான் வந்து விழும்."

பாதி சாருக்கு அப்போது அக்காமேல் கோபம்தான் இருந்தது. ஒளித்துவைப்பானேன்? பதினோரு வருஷத்தில் தன் குழுவின் வேலை இப்படி முகத்தில் அடித்தாற்போல் திரும்பி வந்ததே இல்லை. ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே அக்காவின் மேசைக்குப் போனார்.

"சிவப்பு டேப் மெஷினை யாராவது விடுவாங்களா? முதல்ல யோசிக்க வேண்டியதே அதுதானேம்மா?"

அக்கா இழுப்பறையைத் திறந்து, பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போகும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். முதல் பக்கத்தில் பென்சிலால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நாள் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் என்ன வேலை என்று எழுதியிருந்தது. பாதி சார் விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தார். ஏழாம் நாள்: இரண்டு மெஷின் ஒரே நேரத்தில் பழுதானால் முதலில் யாரை மாற்றுவது. எட்டாம் நாள், ஒன்பதாம் நாள்: சிவப்பு டேப் மெஷின் பழுதானால், இன்னொரு சிவப்பு மெஷினில் இடம் இல்லையென்றால் நோயாளி காத்திருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் மற்ற மெஷினுக்கு மாற்றக் கூடாது. 'எக்காரணம் கொண்டும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள்: எல்லாவற்றையும் ஒரு முறை திரும்பச் சோதிப்பது.

"எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. அப்புறம் ஏன் செய்யல?"

"நீங்க ஆறு நாள்னு எழுதிட்டீங்க சார்" என்றாள் அக்கா. "எந்த ஆறுன்னு சொல்லல. நான் முதல் ஆறைச் செஞ்சேன்."

பாதி சாருக்கு அந்த வார்த்தை உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நிஜமாவே பன்னெண்டா?"

"பின்ன?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "பாக்கி இருக்குன்னும் சொன்னேனே சார். நீங்க பச்சை ஒட்டிட்டீங்க. பச்சைன்னா, மிச்சத்தை அடுத்த தடவை பாத்துக்கலாம்னு அர்த்தம்னு நெனச்சேன். இங்க என்ன வழக்கம்னு எனக்குத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "என்னை அனுப்பிடுவீங்களா சார்?" என்றாள். "கேக்கக் கூடாதுதான். ஆனா மறுபடியும் ஒரு இடைவெளி விழுந்தா என்னை இனிமே யாரும் எடுக்கமாட்டாங்க. இந்த ஒண்ணுதான் கெடச்சது."

அவர் நோட்டை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் தாடியின் மேசை. பத்து முடிக்கு மேல் முளைக்காத தாடியை இரண்டு வருஷமாக வளர்த்துக்கொண்டிருந்த பையன். அக்காவுக்கு அடுத்த நாற்காலிக்காரன்.

"ஏம்ப்பா, அன்னைக்கு நீ பத்துன்னு எழுதினியே. நிஜமா எத்தனை?"

தாடி திருதிருவென்று விழித்தான். "அஞ்சு சார்."

"உண்மையைச் சொல்லு."

"...மூணு சார்."

பாதி சாருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வரப்பார்த்தது. தான் வெட்டியதற்கு மேலும் மிச்சம் வைத்திருக்கிறான்! "சரி, நம்ம வழக்கத்தை அந்த அக்காகிட்ட சொல்லலையா நீ?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

எதிர் வரிசையிலிருந்து பூதக்கண்ணாடி தலையை நீட்டினாள். "இதைப் போய் எப்படி சார் சொல்றது? 'அக்கா, இங்க எல்லாரும் பொய்தான் சொல்வோம், நீங்களும் சொல்லுங்க'ன்னா? நாங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டது கிடையாது. வந்தவங்க தானா புரிஞ்சுக்குவாங்க."

அன்று மாலை அவர் வீட்டுக்குச் சீக்கிரமே போய்விட்டார். மனைவி துவைத்து உலர்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டையை அவர் மடியிலும் தள்ளினாள். சட்டைகளை மடித்துக்கொண்டே அவர் நடந்ததைச் சொன்னார்: பன்னிரண்டு, ஆறு, நோட்டு, ஃபாரம், எல்லாம்.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றாள் மனைவி. "உங்ககிட்ட வந்து நிஜத்தைச் சொல்லியிருக்கா பாருங்க."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்ன, இந்த வீட்டுல உங்ககிட்ட யார் நிஜமான நேரத்தைச் சொல்றாங்க? பத்து மணிக்குக் கெளம்பணும்னா ஒம்பதுன்னு சொல்வேன். நான் முன்கூட்டியே சொல்றேன்னு கண்டுபிடிச்சு நீங்க பத்தரைக்கு வருவீங்க. இப்பல்லாம் எட்டரைன்னு சொல்றேன்."

அவர் மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றது. "நிஜத்தையே சொல்லலாமே."

"கல்யாணமான புதுசுல சொல்லிப் பாத்தேங்க" என்றாள் அவள், மகளின் காலுறைகளுக்கு ஜோடி தேடியபடி. குரலில் சண்டை இல்லை. "நான் என்ன சொன்னாலும் அதுல பாதிதான் உண்மைன்னு எடுத்துப்பீங்க. காய்ச்சல்னா, லேசான காய்ச்சல்னு நெனப்பீங்க. வலிக்குதுன்னா, பெருசா இருக்காதும்பீங்க. அப்புறம் நானும் கூட்டிச் சொல்லக் கத்துக்கிட்டேன். பழகிப்போச்சு, விடுங்க."

விடுங்க என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவரால் விட முடியவில்லை. நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தது இதுதானா என்று இருந்தது. பதினேழு வருஷத் தாம்பத்தியம்; எத்தனை முறை நிஜமாகவே வலித்திருக்கும் இவளுக்கு? அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. கடைசியில், "அவளை அனுப்பலைன்னா என் தலைவர் பதவி போனாலும் போகும்" என்று மட்டும் சொன்னார்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இது நிஜமா, இல்ல பாதியா?"

"நிஜம்."

"சரி" என்றாள் அவள். "பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை காலை நீள மேசை அறையில் குழு கூடியபோது, தலைமை நர்ஸும் மேலாளரும் இருந்தார்கள். நர்ஸ் ஐம்பதைத் தாண்டியவர். கட்டையான உருவம், கோட்டின் மார்பில் குத்திய கடிகாரம். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"என்கிட்ட நாப்பத்தி நாலு பேர் இருக்காங்க" என்று ஆரம்பித்தார். "ஒருத்தருக்கு ஒரு முறை தவறினாலே காலு வீங்கி, மூச்சு வாங்கும். அதுல இன்னொருத்தரோட கிருமியையும் சேத்துக் குடுத்தா என்ன ஆகும்? எனக்கு ரெண்டே கேள்வி. ஏன் ஆச்சு? எப்ப சரியாகும்?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், புதுசா சேந்த ஒருத்தரோட அனுபவக் குறைவால..."

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல்கள் சிவந்துவிட்டன.

"இல்ல சார்" என்று பாதி சார் எழுந்தார். பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து நர்ஸின் முன்னால் வைத்தார். "எட்டாம் நாள், ஒம்பதாம் நாள் என்ன எழுதியிருக்குன்னு படிங்க மேடம்."

நர்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு கோடு போட்ட இடத்தில் விரல் நின்றது. "சரியாத்தானே இருக்கு. நான் இதைத்தான் கேட்டேன். இதை ஏன் செய்யல?"

"நான் வெட்டிட்டேன். இவங்க பன்னெண்டு நாள் கேட்டாங்க. நான் ஆறுன்னு எழுதினேன். பாக்கி இருக்குன்னு சொன்னாங்க. நான் காதுல போட்டுக்கல, பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். இங்க யார் கேட்டாலும் பாதியா வெட்டறது என் பழக்கம். அதனால எல்லாரும் கூட்டிச் சொல்லப் பழகிட்டாங்க. இவங்களுக்கு மட்டும் அது தெரியாது. தப்பு இவங்களோடது இல்ல, என்னோடது."

மேலாளரின் சிரிப்பு அவர் முகத்திலேயே வழி தெரியாமல் நின்றது. தாடி நகத்தைக் கடித்தான். நர்ஸ் கொஞ்ச நேரம் பாதி சாரையே பார்த்துவிட்டு, "முதல் கேள்விக்குப் பதில் கெடச்சுது" என்றார். "ரெண்டாவது?"

"மூணு நாள்ல முடிச்சிடலாம் மேடம்" என்றார் மேலாளர்.

"அதை எழுதப்போறவங்களையே கேப்போம்" என்று பாதி சார் மார்க்கரை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனார். "சொல்லுங்கம்மா. எத்தனை நாள்?"

அக்கா தாடியை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "பதினாலு" என்றாள்.

தாடி தலையைக் குனிந்துகொண்டான். காலையில் டீக்குப் போனபோது அவன்தான் அவளுக்கு அந்த வழக்கத்தை விளக்கிச் சொல்லியிருந்தான். நல்ல எண்ணத்தில், கொஞ்சம் தாமதமாக. பாதி சாருக்கும் விஷயம் விளங்காமல் இல்லை. நோட்டில் மீதி இருப்பது ஆறு நாள். டெஸ்டருக்கு ஒரு நாள் சேர்த்தால் ஏழு. பதினாலில் சரிபாதி. கை ஏழு என்று எழுதத் துடித்தது. பதினோரு வருஷப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? இந்த முறை வெட்டினால் கணக்குச் சரியாகவே இருந்திருக்கும். அவர் போர்டில் பதினாலு என்று பெரிதாக எழுதி, மார்க்கரை மூடிவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரமா?" நர்ஸ் பெருமூச்சு விட்டார். "சரி. இவ்வளவு காலம் நோட்டுல எழுதினோம், இன்னும் ரெண்டு வாரம் எழுதறோம். எங்க வார்டு பொண்ணுங்க முகம் சுளிப்பாங்க. பரவாயில்ல, நான் சொல்லிக்கறேன்."

அக்கா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது எழுந்துபோய் அதை அழிப்பார்கள் என்று எதிர்பார்த்தவள்போல் இருந்தது அவள் முகம். யாரும் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் தன் கோட்டுப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துத் தேதியைக் குறிக்க ஆரம்பித்தார்.

"மேடம், எழுதாதீங்க" என்று அக்கா எழுந்து நின்றாள். "பதினாலு இல்ல. ஏழு நாள்தான் ஆகும். இங்க இப்படித்தான் சொல்லணும்னாங்க, அதனால சொன்னேன். எனக்கு வரல."

பாதி சார் எழுந்து போய், பதினாலைக் கையாலேயே அழித்துவிட்டு ஏழு என்று எழுதினார்.

நர்ஸுக்கு அந்தக் கூத்து முழுவதும் புரிந்ததோ என்னவோ, அக்காவை நேராகப் பார்த்தார். "அப்படின்னா அஞ்சு நாள்ல முடியுமா?"

"முடியாது மேடம்."

"ஆறு?"

"முடியாது மேடம். ஏழாவது நாள் முழுக்க டெஸ்ட்டுக்கு. அதை விட்டா மறுபடியும் இதேதான் நடக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் பேனாவைத் திறந்தார். "அஞ்சுன்னு தலையாட்டியிருந்தா எழுந்து போயிருப்பேன்" என்று சொல்லி, ஏழாம் நாள் தேதியை எழுதி அடிக்கோடு போட்டார்.

பாதி சார் மடித்து வைத்திருந்த ஃபாரத்தைப் பிரித்தார். எல்லார் முன்னாலும், மேசையின் மேலேயே, 'உறுதி செய்யலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டு மேலாளரிடம் நீட்டினார். நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கையில் மேலாளரால் வாங்கிக்கொள்ளத்தான் முடிந்தது.

"உங்ககிட்ட தனியா பேசணும்" என்றார் மேலாளர், பல்லைக் கடித்த சிரிப்போடு.

"பேசலாம் சார்."

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா அந்த டிக்கைத் தலைகீழாகவே படித்துவிட்டிருந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடக்கிக்கொள்ளக்கூட முயற்சி செய்யவில்லை. பூதக்கண்ணாடி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினாள். தாடிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நர்ஸ் மட்டும் நாற்காலியோடு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து அக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அழுது முடிம்மா, அவசரமில்ல" என்றார். "அப்புறம் உன் நோட்டுல ஏழாம் நாளுக்கு எழுதியிருக்கறதுல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ரெண்டு மெஷின் ஒண்ணா படுத்தா முதல்ல யாரை மாத்தணும்னு நீ எழுதியிருக்கறது சரியில்ல. வார்டுல நாங்க வேற மாதிரி பாப்போம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பென்சிலைத் தேடினாள். "எப்படிப் பாப்பீங்க மேடம்?"

மேலாளர் தன் கண்ணாடி அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பாதி சார் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நர்ஸ் சொல்லச் சொல்ல அக்கா நோட்டில் எதையோ அழித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.